உயரத்தில் வெடிக்கும் மின்காந்தத் துடிப்பு: கிரிட்டில் எது போகும், எது நிற்கும்?

2025 மார்ச் 3, இரவு 9:40 – புதிய வாசகர்

400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு அணுகுண்டு வெடித்தால் போதுமாம். நாடு முழுக்கக் கரண்ட் பல வருஷத்துக்குப் போய்விடும், கார், கைபேசி எல்லாம் கருகிவிடும், ஒரே வருஷத்தில் பத்துக்கு ஒன்பது பேர் சாவார்கள் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். இந்தத் துடிப்பின் அபாயத்தை ஆராய அமைத்த அமெரிக்க ஆணையமே சொன்னதாம். உண்மையா? நம்ம கிரிட்டுக்கும் இதே கதிதானா?

மார்ச் 3, இரவு 10:55 – யார்டு

மூன்று விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

"பத்துக்கு ஒன்பது" என்பது ஆணைய அறிக்கையில் கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. 2008ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் கேள்வி பதிலாக வாய்மொழியில் எழுந்த பேச்சு. அதை விட்டுவிடுங்கள்.

"நாடு முழுக்க" என்பது வெறும் வடிவியல். வெடிக்கும் இடத்திலிருந்து தொடுவானம் வரை துடிப்பு எட்டும். 30 கிலோமீட்டர் உயரம் என்றால் தரையில் சுமார் 600 கிலோமீட்டர் ஆரம். 100 என்றால் 1,100. 400 என்றால் 2,200. ஆனால் எட்டுவது வேறு, எரிப்பது வேறு. அந்த வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே வலு இருக்காது. பார்வைக்கோடு பூமியின் காந்தப்புலக் கோட்டுக்கு இணையாகப் போகும் திசையில் துடிப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும்.

"எல்லாம் கருகும்" என்பதற்கு 1962ல் நடந்த இரண்டு நிஜச் சோதனைகளே பதில். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 7:15 – யார்டு

1962 ஜூலை 9. பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டரில் 1.4 மெகாடன். பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். சுமார் 1,450 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயின் ஓவாஹு தீவில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு அலாரங்கள் கத்தின, கவாய் தீவுக்கான மைக்ரோவேவ் தொலைபேசி இணைப்பு அறுந்தது. தீவின் மின்சாரம் போகவில்லை. போன விளக்குகள் பழைய தொடர்ச்சுற்று விளக்குகள். நீளமான ஒயர் வளையத்தில் ஏறிய மின்னழுத்தம் அவற்றின் ஃபியூஸை அடித்தது. பெரிய அடி வானத்தில்தான் விழுந்தது. செயற்கையாகப் பெருகிய கதிர்வீச்சுப் பட்டையில் டெல்ஸ்டார் 1, ஏரியல் 1 உள்ளிட்ட செயற்கைக்கோள்கள் கெட்டன.

1962 அக்டோபர் 22. கசகஸ்தான், ஜெஸ்கஸ்கன் பக்கம். 290 கிலோமீட்டர் உயரம், 300 கிலோடன்தான். குண்டு சிறிது, சேதம் பெரிது, ஏனென்றால் இங்கே கீழே நிலமும் நீண்ட கம்பிகளும் இருந்தன. 570 கிலோமீட்டர் தொலைபேசி லைனில் 1,500 முதல் 3,400 ஆம்பியர் வரை பாய்ந்தது. எல்லா ஃபியூஸும் போயின, வாயு நிரப்பிய மின்காப்புக் குழாய்கள் அத்தனையும் சுட்டன. 90 சென்டிமீட்டர் ஆழத்தில், ஈயக் கவசத்தோடு, எஃகு நாடா சுற்றிப் புதைத்திருந்த 1,000 கிலோமீட்டர் மின் கேபிளும் ட்ரிப் ஆனது. கரகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது.

புதைத்த கேபிள் ஏன் தப்பவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. வேகமான துடிப்பை மண் விழுங்கிவிடும். மெதுவான துடிப்புக்கு 90 சென்டிமீட்டர் மண் ஒன்றுமே இல்லை.

மார்ச் 4, இரவு 8:30 – யார்டு

வேகம், மெதுவு என்று சொன்னதை விரிக்கிறேன். ஒரே வெடிப்பில் மூன்று துடிப்புகள் அடுத்தடுத்து வரும்.

ஈ1: காமா கதிர்கள் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரக் காற்றில் மோதி எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அவை பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து திரும்பும்போது உண்டாகும் அலை இது. ஏறும் நேரம் 2.5 நானோசெகண்ட் அளவு. வடிவமைப்புக்கு எடுக்கும் உச்சம் மீட்டருக்கு 50 கிலோவோல்ட். ஒரு மைக்ரோசெகண்டுக்குள் முடிந்துவிடும். இதன் இரை: ரிலே (பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவி), ஆர்.டி.யூ. (நிலையத்தின் அளவுகளைத் தொலைவுக்கு அனுப்பும் கருவி), மோடம், ஜி.பி.எஸ். கடிகாரம், 11 கிலோவோல்ட் லைன் இன்சுலேட்டர்.

ஈ2: ஏறக்குறைய மின்னல் மாதிரி. மின்னலுக்கு ஒழுங்காகப் பாதுகாப்பு வைத்திருந்தால் இதை நினைத்துக் கவலை வேண்டாம். ஒரே சிக்கல், ஈ1 முதலில் வந்து அந்தப் பாதுகாப்பையே கெடுத்திருந்தால்.

ஈ3: ஒரு செகண்டில் தொடங்கிச் சில நிமிஷம் வரை நீளும். வெடித்த பந்து பூமியின் காந்தப்புலத்தைத் தள்ளிவிட்டு அது திரும்பி வருவது ஒரு பாகம், சூடேறிய மேல்காற்று மேலே எழும்புவது அடுத்த பாகம். தரையில் கிலோமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று நேர்மின்சாரம் மாதிரி ஒரு புலம் உண்டாகும். நீளமான கம்பியின் இரண்டு முனையும் எர்த்தில் இருந்தால் அதில் மின்னோட்டம் ஓடும். இதன் இரை: பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அதைவிட முன்னால் கிரிட்டின் மின்னழுத்தம்.

கார், கைபேசி என்ற பேச்சுக்கும் கிரிட்டுக்கும் இங்கேயே கோடு போட்டுவிடலாம். நீளமான கம்பியோடு இணைந்திருப்பதுதான் பெரும்பாலும் அடிபடும். சார்ஜரில் சொருகாத கைபேசிக்கு ஆன்டெனா என்று சொல்லும்படி நீளமே இல்லை.

மார்ச் 5, மாலை 6:05 – புதிய வாசகர்

காரையும் சொன்னால் நன்றாக இருக்கும் சார். அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

மார்ச் 5, இரவு 9:20 – யார்டு

அந்த ஆணையமே 1986 முதல் 2002 வரை தயாரான 37 கார்களைச் சோதனைக்கூடத்தில் வைத்து அடித்தது. நிறுத்தி வைத்திருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்றின் என்ஜின் மீட்டருக்கு 30 கிலோவோல்ட் அளவில் நின்றது. டேஷ்போர்டு விளக்கு மினுக்குவது போன்ற சின்னத் தொல்லைகள் 25 கார்களில். 8 கார்களில் எதுவுமே இல்லை. இன்றைய கார்களில் மின்னணு அதிகம், அதனால் இந்த எண்ணை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ரோடெல்லாம் பிணமாகக் கார்கள் நிற்கும் என்ற காட்சிக்கு இந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை.

மார்ச் 6, காலை 6:50 – ரிலே பெஞ்சு

யார்டு சார் ஈ1ன் இரை ரிலே என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். அங்கேதான் நிற்க வேண்டும்.

ரிலே நேராகக் காற்றிலிருந்து அடி வாங்குவதில்லை. சப்ஸ்டேஷனின் திறந்தவெளி யார்டிலிருந்து வரும் கேபிள்கள் வழியாகத்தான் அடி வருகிறது: மின்னோட்டத்தை அளக்கும் சி.டி., மின்னழுத்தத்தை அளக்கும் பி.டி., பிரேக்கருக்குப் போகும் ட்ரிப் கேபிள்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், ட்ரெஞ்சில் 100, 200 மீட்டர் ஓடி கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைகிறது. அது அருமையான ஆன்டெனா.

பார்க்க வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

கேபிளின் ஆர்மர் (எஃகுக் கவசம்), ஸ்கிரீன் (உலோகத் திரை) இரண்டையும் இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். ஒரு முனை மட்டும் போதும் என்பது 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கான பழைய பழக்கம். நானோசெகண்ட் துடிப்புக்கு அது உதவாது. இரு முனை எர்த் செய்தால் ஃபால்ட் நேரத்தில் ஸ்கிரீனில் மின்னோட்டம் ஓடும் என்பது நியாயமான பயம். கேபிளோடு ஒட்டி ட்ரெஞ்சில் ஒரு தடித்த எர்த் கண்டக்டர் போட்டால் அது பங்கு போட்டுக்கொள்ளும்.

ஸ்கிரீனைப் பின்னல் திரித்து, வால் மாதிரி 30 சென்டிமீட்டர் இழுத்து எர்த் பாரில் கட்டுவதை நிறுத்துங்கள். கேபிள் பேனலுக்குள் நுழையும் கிளாண்டிலேயே சுற்றளவு முழுக்கப் பிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பிக்கு சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. அமெரிக்க ராணுவத் தரத்தில் சோதனைத் துடிப்பு 5,000 ஆம்பியர், 20 நானோசெகண்டில் ஏறும். கணக்குப் போட்டால் மீட்டருக்கு 250 கிலோவோல்ட். 10 சென்டிமீட்டர் வால் என்றாலே 25 கிலோவோல்ட். ரிலேயின் உள்ளீடு 5 கிலோவோல்ட் இம்பல்ஸுக்குச் சோதித்தது.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிள் கூரையிலிருந்து நேராக ரேக்குக்கு வருகிறது. சுவரைத் தொடும் இடத்தில் ஒரு வாயுக்குழாய் அரெஸ்டர் போட மறந்துவிடுகிறார்கள். ஒரு கடிகாரம் போனால் அந்த நிலையத்தின் நேரமுத்திரை எல்லாமே போகும்.

மார்ச் 6, இரவு 10:10 – யார்டு

ரிலே பெஞ்சு சொன்ன தூண்டல் கணக்கு தெருவில் நிற்கும் 11 கிலோவோல்ட் விநியோக டிரான்ஸ்ஃபார்மருக்கும் அப்படியே வரும். எல்.ஏ.யை (மின்னல் தடுப்பான், லைட்னிங் அரெஸ்டர்) மேலே ஃபிரேமில் வைத்து, அங்கிருந்து ஜம்பரை இறக்கி, எர்த் கம்பியைத் தூண் நெடுகக் கீழே விடுவார்கள். லைனிலிருந்து எல்.ஏ. மேல்முனை வரை ஒரு மீட்டர், எல்.ஏ. அடியிலிருந்து டாங்கி (டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய்த் தொட்டி) எர்த் வரை ஒரு மீட்டர் என்று வைத்தாலே, கம்பி உள்ளே நுழையும் டிரான்ஸ்ஃபார்மர் புஷிங்கில் எல்.ஏ.யின் மின்னழுத்தத்தோடு இந்த இரண்டு மீட்டர் மின்னழுத்தமும் கூடும்.

சாதாரண மின்னல் 10 கிலோஆம்பியர், 8 மைக்ரோசெகண்ட்: மீட்டருக்கு 1.25 கிலோவோல்ட். யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே கம்பியில் 5,000 ஆம்பியர், 20 நானோசெகண்ட் என்றால் இரண்டு மீட்டருக்கு 500 கிலோவோல்ட். 11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இம்பல்ஸ் தாங்குதிறன் 75 கிலோவோல்ட்.

தீர்வுக்குக் காசே வேண்டாம். எல்.ஏ.யை டாங்கியின் மேலேயே, புஷிங் பக்கத்தில் பொருத்துங்கள். எல்.ஏ.யின் எர்த் முனையை முதலில் டாங்கியில் கட்டுங்கள், பிறகு குழி எர்த்துக்கு விடுங்கள். 9 கிலோவோல்ட் ரேட்டிங் எல்.ஏ. அதேதான், இடம் மட்டும் மாறுகிறது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் தூண் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சோதித்தபோதும் எல்.ஏ. நேராக டாங்கியில் இருந்தவை தாங்கின. இல்லாதவற்றின் வைண்டிங்கில் சுற்றுக்குச் சுற்று ஊசித்துளை விழுந்தது.

மார்ச் 7, காலை 7:00 – ரிலே பெஞ்சு

ஒரு திருத்தம். 5,000 ஆம்பியர் கட்டடத்துக்குள் நுழையும் கேபிளுக்கான சோதனை அளவு. மேல்நிலை லைனில் அது வராது. 11 கிலோவோல்ட் லைனில் ஈ1 ஏற்றக்கூடியது 200 முதல் 400 கிலோவோல்ட். வேகமான துடிப்புக்கு லைன் காட்டும் எதிர்ப்பு, அதாவது சர்ஜ் இம்பீடன்ஸ், சுமார் 400 ஓம். 400 கிலோவோல்ட்டை 400 ஓமால் வகுத்தால் 1,000 ஆம்பியர். 20 நானோசெகண்டில் ஏறினால் மீட்டருக்கு 50 கிலோவோல்ட், இரண்டு மீட்டருக்கு 100.

மார்ச் 7, காலை 7:40 – யார்டு

சரி, 100 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 75ஐத் தாண்டுகிறது, அதனால் எல்.ஏ. இடம் மாற வேண்டும் என்பது நிற்கிறது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 75 என்பது 1.2 மைக்ரோசெகண்டில் ஏறி 50 மைக்ரோசெகண்டில் பாதியாகும் சோதனை அலைக்கான எண். நானோசெகண்ட் துடிப்புக்கு இன்சுலேஷன் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். ஆக எல்லா விநியோக டிரான்ஸ்ஃபார்மரும் வெடிக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம். எல்.ஏ. இல்லாதவை, எல்.ஏ. ஏற்கெனவே செத்து வெறுமனே தொங்குபவை, ஜம்பர் நீளமானவை, இவைதான் முதல் வரிசை.

இன்சுலேட்டர் ஃபிளாஷ்ஓவர் ஆனாலும் அதுவே சேதம் இல்லை. அந்தப் பொறியைப் பிடித்துக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பின்னால் ஓடுவதுதான் ஃபீடரை ட்ரிப் பண்ணும். ஒரு ஃபீடர் என்றால் லைன்மேன் பார்த்துக்கொள்வார். ஆயிரக்கணக்கான ஃபீடர் ஒரே செகண்டில் ட்ரிப் ஆனால் லோடு திடீரென விழுந்து ஃபிரீக்வென்சி மேலே எகிறும். 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பழகிய கிரிட்டில் ஜெனரேட்டர்கள் ஓவர்ஃபிரீக்வென்சியில் வரிசையாக வெளியேறும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுகூட எரியாமலே கிரிட் விழும் வழி இது.

மார்ச் 8, மாலை 5:30 – கன்ட்ரோல் ரூம்

இந்த இழையில் கியூபெக்கைப் பேசாமல் இருக்க முடியாது. குண்டு இல்லை, சூரியன்தான். ஆனால் ஈ3 எப்படி இருக்கும் என்று நிஜத்தில் காட்டிய சம்பவம் அது.

1989 மார்ச் 13, அதிகாலை 2:44. ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் நிலையங்களிலிருந்து தெற்கே வரும் 735 கிலோவோல்ட் லைன்கள். பூமிக்காந்தப் புயலில் தரையில் ஓடிய மின்னோட்டம் எர்த் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல்களில் ஏறியது. இரும்புக் கோர்கள் ஒவ்வொரு சுற்றிலும் பாதியில் காந்தம் தாங்காமல் தெவிட்டி, இரட்டைப்படை ஹார்மோனிக்ஸை (மின்சார அதிர்வெண்ணின் மடங்கு அலைகளை) கக்கின. முதலில் சிபுகமோவில் ஒரு எஸ்.வி.சி. (மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் கருவி) ட்ரிப் ஆனது. ஒரு நிமிஷத்துக்குள் அப்படி ஏழு எஸ்.வி.சி.யும் வெளியே. எதிலும் சேதம் இல்லை, தங்கள் பாதுகாப்பு ரிலே சொன்னபடி நின்றன. அந்த லைன்களை மின்னழுத்தத்தில் தாங்கிப் பிடித்திருந்ததே அவைதான். 90 செகண்டில் 21,500 மெகாவாட் போனது. 60 லட்சம் பேருக்கு, 9 மணி நேரம். லா கிராண்ட் 4ல் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் போனது ஜி.ஐ.சி.யால் (காந்தப் புயல் தூண்டும் அந்தத் தரை மின்னோட்டத்தால்) அல்ல, லோடு அறுந்ததும் மின்னழுத்தம் எகிறியதால்.

தரை மின்னோட்டமே டிரான்ஸ்ஃபார்மரைக் கெடுத்த உதாரணம் அதே நாளில் நியூ ஜெர்சியின் சேலம் அணுமின் நிலையத்தில் நடந்தது. 2003 அக்டோபர் 30ல் ஸ்வீடனின் மால்மோ இருண்டது. அங்கே குற்றவாளி ஒரு 130 கிலோவோல்ட் லைனின் ரிலே. மூன்றாம் ஹார்மோனிக், அதாவது 150 ஹெர்ட்ஸ், அதற்குத் தாங்கவில்லை. 50,000 வாடிக்கையாளர்கள்.

மூன்றிலும் கவனியுங்கள்: இரண்டில் கிரிட்டை விழவைத்தது ரிலே செட்டிங். கெப்பாசிட்டர் தொகுப்பின் (பேங்க்) நியூட்ரல் அன்பேலன்ஸ் ரிலே, எஸ்.வி.சி. ஓவர்லோடு ரிலே இவை ஹார்மோனிக்ஸைப் பார்த்து வெளியேறுகிறதா, 50 ஹெர்ட்ஸை மட்டும் பார்க்கிறதா என்று செட்டிங் ஷீட்டைத் திறந்து பாருங்கள். கியூபெக் பின்னாளில் செட்பாயிண்ட்டை உயர்த்தியது, லைன்களில் சீரீஸ் கெப்பாசிட்டர் போட்டது. சீரீஸ் கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தை விடாது.

மார்ச் 9, காலை 10:15 – புதிய வாசகர்

சரி, தமிழ்நாட்டுக்கு வாருங்கள். நாம் காந்த பூமத்தியரேகை மேலேயே இருக்கிறோமே, தப்பித்தோமா?

மார்ச் 9, பிற்பகல் 2:40 – யார்டு

சூரியப் புயலுக்குப் பெரும்பாலும் தப்பித்தோம். காந்த பூமத்தியரேகை திருநெல்வேலிப் பக்கம்தான் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருப்பதே அதனால்தான். 2024 மே 10, 11ல் 20 வருஷத்தில் காணாத புயல் வந்தது, லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது, உலகில் எந்தப் பெரிய கிரிட்டும் விழவில்லை.

எண்ணில் சொல்கிறேன். அமெரிக்காவில் டிரான்ஸ்மிஷன் திட்டமிடலுக்கான நெர்க் (கிரிட் நம்பகத்தன்மை அமைப்பு) தரம் உயர் அட்சரேகைக்குக் கிலோமீட்டருக்கு 8 வோல்ட் எடுக்கச் சொல்கிறது. காந்த அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழே பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8. நாம் அதைவிடவும் மிகத் தெற்கே. 0.8ஐ மேல்வரம்பாகவே வைத்து, ஒரு 400 கிலோவோல்ட் ட்வின் மூஸ் லைனை (ஃபேஸுக்கு இரண்டு தடித்த ‘மூஸ்’ கம்பி) எடுங்கள், 200 கிலோமீட்டர்.

தூண்டும் மின்னழுத்தம் 160 வோல்ட். ஒரு ஃபேஸ் மின்தடை சுமார் 5.6 ஓம், மூன்றும் இணையாக 1.87. இரு முனை வைண்டிங்குக்கும் சேர்த்து 0.2, இரு சப்ஸ்டேஷன் எர்த் மேட்டுக்கும் சேர்த்து 0.6. மொத்தம் 2.67 ஓம். 60 ஆம்பியர், ஃபேஸுக்கு 20. அதே தரம் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைப் பரிசோதிக்கச் சொல்லும் வரம்பு ஃபேஸுக்கு 75. பயமில்லை.

குண்டின் ஈ3க்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு கணக்கு செல்லாது. அது துருவ ஒளி மண்டலத்திலிருந்து வருவது அல்ல, தலைக்கு மேலே உண்டாவது. ஆணையம் அமெரிக்காவுக்குச் சொன்ன கிலோமீட்டருக்கு 85 வோல்ட்டை நான் திருநெல்வேலிக்குத் தூக்கி வர மாட்டேன். வெறும் 5 வோல்ட் என்று வைத்தாலே மேலே உள்ள லைனில் 375 ஆம்பியர், ஃபேஸுக்கு 125. கீழே தென்னிந்தியப் பாறை, சார்னோகைட்டும் கிரானைட் நைஸும், மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கியூபெக்கின் கீழே உள்ள கனடியப் பாறைக்கு இருந்த அதே குணம்: தரை கடத்தாவிட்டால் புலம் கூடும்.

மார்ச் 9, இரவு 9:50 – கன்ட்ரோல் ரூம்

125 ஆம்பியர் என்றதும் டிரான்ஸ்ஃபார்மர் உருகும் என்று நினைக்க வேண்டாம். 75 என்ற வரம்பு மணிக்கணக்கில் நீளும் புயலுக்கானது. ஈ3 சில நிமிஷத்தில் முடிகிறது. எண்ணெயும் இரும்பும் சூடேற நேரம் வேண்டும். 2019ல் அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனமான எப்ரி வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: பரவலான டிரான்ஸ்ஃபார்மர் சேதத்தைவிட, ஒரு பிராந்தியம் முழுக்க மின்னழுத்தம் சரிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அது ஏன்? தெவிட்டிய ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரும் ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் மின்னழுத்தத்தைத் தாங்க மட்டும் போய்வரும் சக்தி, அலகு மெகாவார்) இழுக்கிறது. 400 கிலோவோல்ட்டில் ஃபேஸுக்கு 125 ஆம்பியர் ஓடும், மூன்று ஒற்றை ஃபேஸ் யூனிட் சேர்ந்த பேங்க் 100 மெகாவாருக்கு மேல் இழுக்கும். மூன்று கால் கோர் உள்ள மூன்று ஃபேஸ் யூனிட் அதில் நாலில் ஒரு பங்குதான். நம்ம 765/400 கிலோவோல்ட் நிலையங்களில் இருப்பது 500 எம்.வி.ஏ. ஒற்றை ஃபேஸ் யூனிட்டுகள், அதாவது மோசமான வகை. ஆனால் இரண்டு பேங்குக்கு ஏழாவதாக ஒரு ஸ்பேர் யூனிட் பெரும்பாலும் யார்டிலேயே நிற்கிறது. அந்த ஏழாவது யூனிட் எனக்குப் பெரிய ஆறுதல்.

கீழே உள்ள 11 கிலோவோல்ட் விநியோக டிரான்ஸ்ஃபார்மருக்கு ஜி.ஐ.சி. பயமே இல்லை. உயர் மின்னழுத்தப் பக்கம் டெல்டா இணைப்பு; எர்த்துக்கு வழி கிடையாது.

மார்ச் 11, இரவு 8:15 – யார்டு

தனிச்செய்தியில் இருவர் கேட்டது: நியூட்ரலில் கெப்பாசிட்டர் போட்டு ஜி.ஐ.சி.யைத் தடுத்தால் ஆச்சே?

போடலாம். 50 ஹெர்ட்ஸில் 1 ஓம் இருக்க சுமார் 3,180 மைக்ரோஃபாரட் வேண்டும். ஏ.சி.க்கு எர்த் செய்தது மாதிரியே இருக்கும், டி.சி.க்கு (நேர்மின்சாரத்துக்கு) அடைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2015ல் நிஜ கிரிட்டில் வைத்தார்கள். மூன்று சிக்கல்கள்.

எர்த் ஃபால்ட் வந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் நியூட்ரலில் ஓடும், கெப்பாசிட்டர் தாங்காது. மில்லிசெகண்டில் சுற்றிவிட ஸ்பார்க் கேப்பும் பைபாஸ் சுவிட்சும் கட்டாயம். அந்த சுவிட்சின் கன்ட்ரோல் மின்னணு என்றால் ஈ1 அதையே முதலில் அடிக்கும்.

இரு பக்கமும் ஒரே வைண்டிங்கைப் பங்கிடும் ஆட்டோடிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை அடைத்தாலும் சீரீஸ் வைண்டிங் வழியாக 400 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து 230 கிலோவோல்ட் பக்கத்துக்கு ஓடும். தமிழ்நாட்டில் 400/230 எல்லாம் ஆட்டோதான்.

ஒரு நிலையத்தில் அடைத்தால் அந்த மின்னோட்டம் பக்கத்து நிலையத்தில் ஏறும். தனித்தனியாக யாரும் முடிவெடுக்கக் கூடாது, முழு நெட்வொர்க்கையும் மாடல் செய்த பிறகுதான். முதலில் செய்ய வேண்டியது நியூட்ரலில் ஒரு டி.சி. சென்சார் வைத்துப் பதிவு செய்வது. அளக்காமல் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மார்ச் 13, காலை 6:40 – ரிலே பெஞ்சு

கன்ட்ரோல் ரூமையே கவசக் கூண்டாக்குவது பற்றிச் சுருக்கமாக. ராணுவத் தரம் அலையை 80 டெசிபெல் குறைக்கக் கேட்கிறது. புதுக் கட்டடத்தில் எஃகுத் தகட்டை விடாமல் வெல்டு செய்தால் கிடைக்கும். பழைய கட்டடத்தில் மிகக் கஷ்டம். சுவரைவிட ஓட்டைகள்தான் தலைவலி. காற்றுக்கும் தண்ணீருக்கும் உலோகக் குழாய் வைத்தால் உள்விட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நீளம் விட்டத்தின் ஐந்து மடங்கு. 1.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலை அதற்குள் செத்துவிடும். அந்தக் குழாய் வழியே ஒரே ஒரு ஒயரை இழுத்துவிட்டால் போச்சு, குழாயும் ஒயரும் சேர்ந்து கோஆக்ஸ் ஆகிவிடும். ஃபைபரை விடலாம், ஆனால் அதன் எஃகு இழையையும் உலோக உறையையும் வெளியிலேயே வெட்டிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் இல்லாத நிலையத்துக்கு: ஒவ்வொரு வகை ரிலேயிலும் ஒரு ஸ்பேர், இணைப்பு எதுவும் இல்லாமல், மூடி சுற்றிலும் உலோகத்தோடு உலோகம் படியும் பெட்டியில். பெயின்ட் மேல் மூடினால் இடுக்கு வழியாக அலை உள்ளே போகும்; விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டித் தாமிர நாடா ஒட்டுங்கள். செட்டிங் ஃபைல் ஏற்றிய லேப்டாப் ஒன்று அதே பெட்டியில், அதன் பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்து. செட்டிங் அச்செடுத்த காகிதம் பக்கத்தில். ஸ்பேர் இருந்தும் செட்டிங் தலைமையகச் சர்வரில் மட்டும் இருந்தால் அந்த ரிலே வெறும் பெட்டி.

யார்டில் தாமிரத்தை ஒழித்து, அளவுகளை டிஜிட்டலாக ஃபைபரில் அனுப்பும் புராசஸ் பஸ் போட்டால் ஆன்டெனா பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். பாதிதான் தீரும். அளவுகளை டிஜிட்டலாக்கும் மெர்ஜிங் யூனிட் என்ற மின்னணுவை யார்டிலேயே கொண்டுபோய் வைக்கிறீர்கள். அந்தக் கியாஸ்க்கின் கதவு கேஸ்கெட்டும், அதற்கு வரும் 110 வோல்ட் டி.சி. ஒயரும் புது வாசல்.

மார்ச் 14, இரவு 10:30 – கன்ட்ரோல் ரூம்

விழுந்த பிறகு எழுப்புவதைப் பேசுவோம். எனக்கு இதில்தான் உண்மையான கவலை.

சப்ஸ்டேஷன் பேட்டரி. 110 வோல்ட் என்றால் 55 செல். வடிவமைப்பு சில மணி நேரத்துக்கு. வயதான பேட்டரி அதுவும் தராது. பேட்டரி செத்தால் ட்ரிப் காயில், குளோஸ் காயில், ரிலே எதுவும் வேலை செய்யாது. ஸ்பிரிங் பிரேக்கரில் மோட்டார் சப்ளை இல்லாவிட்டால் சேமித்த சக்தியில் ஒரு ஓப்பன்-குளோஸ்-ஓப்பன் மட்டும். பிறகு கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். அந்தக் கைப்பிடி எங்கே தொங்குகிறது என்று நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்குத் தெரியுமா? டிஸ்சார்ஜ் டெஸ்ட் ஒழுங்காக நடக்கிறதா? கிரிட் விழுந்ததும் அவசியமில்லாத டி.சி. லோடைக் கழற்றிவிடும் பட்டியல் பேனலில் ஒட்டியிருக்கிறதா?

பிளாக் ஸ்டார்ட், அதாவது வெளிச் சப்ளை இல்லாமல் கிரிட்டை எழுப்புவது, நீர்மின் நிலையத்திலிருந்து தொடங்கும். 400 கிலோவோல்ட் லைனை வெறுமனே சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்குச் சுமார் அரை மெகாவார் லைனே உற்பத்தி செய்யும். 200 கிலோமீட்டருக்கு 100 மெகாவார். ஒரு சின்ன ஹைட்ரோ மெஷின் அதை விழுங்க முடியாது, மின்னழுத்தம் எகிறும். அதனால் 110, 230 கிலோவோல்ட் லைன்கள் வழியாகத்தான் மெல்ல ஏற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக லோடு கட்டி. முதல் சப்ளை கூடங்குளம், கல்பாக்கம் அணு உலைகளின் குளிர்விப்புக்கும் அனல்மின் நிலையங்களின் ஆக்ஸிலரிக்கும். ஊருக்கு அப்புறம்தான்.

2012 ஜூலை 30, 31ல் வடக்கு விழுந்தபோது அக்கம்பக்கத்திலிருந்து சப்ளை இழுத்து எழுப்ப முடிந்தது. தெற்கு அப்போது எச்.வி.டி.சி. (உயர் மின்னழுத்த நேர்மின்சார இணைப்பு) வழியாக மட்டும் இணைந்திருந்ததால் நின்றது. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைனில் சிங்க்ரனைஸ் ஆன பிறகு நாடு முழுக்க ஒரே ஃபிரீக்வென்சி. சாதாரண நாளில் அது பெரிய பலம். 2,200 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரே நேரத்தில் அடிபட்டால் கைகொடுக்க அக்கம்பக்கம் இருக்காது. பேச்சுத் தொடர்பும் இருக்காது. ஆகவே பிளாக் ஸ்டார்ட் பாதையில் உள்ள ஒவ்வொரு நிலையமும் ஸ்காடா (தொலைவிலிருந்து பார்த்து இயக்கும் கணினி அமைப்பு) இல்லாமல், போன் இல்லாமல், எந்த பிரேக்கரை எந்த வரிசையில் போடுவது என்று காகிதத்தில் வைத்திருக்க வேண்டும். மாக் டிரில் நடத்தும்போது ஒரு தடவையாவது ஸ்காடா திரையை அணைத்துவிட்டு நடத்துங்கள்.

மார்ச் 15, காலை 8:20 – புதிய வாசகர்

எங்கள் வீட்டு மாடியில் சோலார் இருக்கிறது. அது உதவுமா?

மார்ச் 15, இரவு 9:05 – யார்டு

கிரிட்டோடு இணைந்தே ஓடும் கிரிட்-டை இன்வெர்ட்டர் என்றால் கிரிட் இல்லாதபோது அதுவாகவே நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளைக் காப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதை யாரும் ஏமாற்றக் கூடாது. பேட்டரியோடு ஹைப்ரிட் இருந்தால்தான் வெளிச்சம்.

ஈ1 தாங்க: பேனலிலிருந்து வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒட்டியே ஓட்டுங்கள், நடுவில் வளையம் விடாதீர்கள். உலோகக் குழாய்க்குள் விட்டால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டரின் டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும் எஸ்.பி.டி. (மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் கருவி), ஒயர் நீளம் 10 சென்டிமீட்டருக்குள். பேனல் ஃபிரேம் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் ஒன்றாக இணையுங்கள். இதெல்லாம் ஐப்பசி இடிக்கும் பயன்படும், பணம் வீணாகாது.

அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, குடிநீர் பம்ப் ஹவுஸ் டீசல் ஜெனரேட்டர்களுக்கு: பலவீனம் என்ஜினில் இல்லை, கரண்ட் போனதும் தானாக ஸ்டார்ட் செய்யும் ஏ.எம்.எஃப். பேனலில். அந்தக் கன்ட்ரோலர் போனாலும் கையால் ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி சுவிட்ச், கையால் மாற்றும் சேஞ்ச்ஓவர், ஜெனரேட்டர் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏ.வி.ஆர். போர்டு ஸ்பேராக ஒன்று பெட்டியில். பெட்ரோல் பங்க்கின் பம்ப்புக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் டீசலைத் தேவைப்படும்போது வாங்கலாம் என்று இருக்காதீர்கள். ஏ.எம்.எஃப். பேனல் மாடலை இங்கே போட்டால் எந்த டெர்மினலில் மேனுவல் சுவிட்ச் கட்டுவது என்று ரிலே பெஞ்சு பார்த்துச் சொல்வார்.